உழவர் வாய்மொழியில் இலக்கணம் கண்டவர்

1716ஆம் ஆண்டில், செருமானிய நாட்டின் ஆலே நகரில், தமிழுக்கு ஓர் இலக்கணநூல் இலத்தீன மொழியில் அச்சேறியது. அதனை எழுதியவர், பத்தாண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கிறித்தவத் தொண்டர் சீகன்பால்கு. அவரை அனுப்பிவைத்தவர் தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு. ஈதெல்லாம் தமிழ்ப்புலவர் அறிந்த செய்தியே. ஆயின், அம்மன்னரின் முடிக்கீழ் நார்வே என்னும் பிறிதொரு நாடும் அடங்கிக் கிடந்தது. கடல்கடந்த தமிழுக்கு இலக்கணம் அச்சாக வழிவிட்ட அதே ஆட்சியில், நார்வே மக்கள் தம் அடுப்பங்கரையிலும் வயற்காட்டிலும் பேசிய மொழிக்கு முழுமையான இலக்கணம் ஒன்றும் இல்லை. அது வருவதற்கு மேலும் 132 ஆண்டுகள் ஆயின. 1848இல் அதனை எழுதி வெளியிட்டவர் ஈவர் ஓசன் என்னும் உழவர் மகன்.

பனிநாட்டு உழவன் மகனொருவன் எழுதிய இலக்கணத்துக்கும், காஞ்சியையடுத்த ஐயம்பேட்டையில் தறிக்குழியில் கால்தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் பட்டு நெசவாளர்க்கும் என்ன தொடர்பு என வினவுவோர் உளர். தொடர்பு உண்டு. அதனைக் காணுமுன் அம்மனிதர் யார், அவர் செய்த வேலை எத்தன்மையது என்பதை ஓரளவு விரிவாகவே அறிதல் வேண்டும். ஏனெனில், தனித்தமிழ்த் தொண்டில் இறங்கியோர் கைக்கொள்ளத்தக்க ஒரு முறையும், கைக்கொள்ளாது விட்ட ஒரு பெருங்குறையும் அவ்வாழ்க்கையில் அடங்கியுள்ளன.

நார்வேக்குப் பழம்பெரு மொழி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அம்மொழியிலேயே அந்நாட்டுச் சட்டங்கள் எழுதப்பெற்றன. 1349இல் வந்த பெருங்கொள்ளைநோய் மக்களையும், அவர்களுள் எழுத்தறிந்தோரையும் வாரிக்கொண்டு போயிற்று. 1380இல் நார்வே, தென்மார்க்கு அரசோடு இணைந்தது. பின்னர்ச் சமயச் சீர்திருத்தம் வந்தபோது, நார்வேயின் கோவில்களில் ஓதப்பட்ட விவிலியம் தென்மார்க்கு மொழியிலேயே அமைந்தது. வழிபாடு அயல்மொழியில்; வழக்குமன்றம் அயல்மொழியில்; பள்ளி அயல்மொழியில்! தமிழர்க்கு இந்நிலையை விளக்கவேண்டுவதில்லை. நூற்றாண்டுகள் பலவாக அந்நாட்டான் ஒருவன் எழுதுகோலைத் தொட்டால், தன் தாயின் மொழியை மறந்துவிட்டுத்தான் எழுதவேண்டியிருந்தது. 1814இல் நார்வே தென்மார்க்கினின்று பிரிந்து, மே 17இல் தனக்கென அரசியலமைப்பும் வகுத்துக்கொண்டது. உடனே சுவீடனோடு ஒரு முடிக்கீழ் இணைக்கப்பட்டதும் உண்மையே. நாடு பிரிந்தது, எழுத்துமொழி பிரியவில்லை. விடுதலைப் பட்டயமே ஆண்டானின் மொழியில் எழுதப்பட்டது என்றால் அடிமைத்தனம் எத்துணை ஆழத்தில் வேர்விட்டிருந்தது என்பதை உய்த்துணர்க.

ஒரு வேறுபாட்டை இங்குக் குறித்தல் நேர்மை. தமிழுக்கும் வடமொழிக்கும் உள்ள தொலைவு அங்கில்லை. தென்மார்க்கு, சுவீடன், நார்வே ஆகிய மூன்று நாட்டு மொழிகளும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் பேசுவதை மற்றவர் பெரும்பாலும் அறிந்துகொள்வர். இதனால் நார்வே மொழியின் இடர் குறைந்தது என்று கருதிவிடலாகாது. மாறாக மிகுந்தது. முற்றிலும் வேறான மொழி வந்து கலந்தால் கலப்பு கண்ணுக்குத் தெரியும். உடன்பிறந்த மொழி வந்து கலந்தால், 'உன் பேச்சு தனிமொழியன்று. எங்கள் மொழியின் கொச்சை' என்று சொல்லிவிடுதல் எளிது. நார்வே உழவர் பேச்சை நகரத்தார் அவ்வாறே சொன்னார்கள். உழவரும் அதனை நம்பினார்கள்.

ஓசன் 1813 ஆகத்து 5ஆம் நாள், நார்வேயின் மேலைக் கடற்கரைப் பகுதியான சுன்மேரெ வட்டாரத்தில் ஒரு சிறு பண்ணையில் பிறந்தார். மூன்று அகவையில் தாயை இழந்தார். பதின்மூன்று அகவையளவில் தந்தையையும் இழந்தார். கல்லூரி வாயிலை அவர் மிதித்ததில்லை. கைக்குக் கிட்டிய நூல்களையெல்லாம் படித்தார். பதினெட்டாம் அகவையில், ஊர் ஊராய்ச் சென்று உழவர் வீடுகளில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிக்கும் ஆசிரியரானார். பின்னர்க் கோவிற் குருவர் ஒருவரிடம் இலத்தீனம் பயின்றார். 1835 முதல் 1842 வரை ஏழாண்டுகள், படைத்தலைவர் ஒருவர் இல்லத்தில் தங்கி அவர் மக்களுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்தார்.

அவ்வேழாண்டுகளில் அவர் செய்த இரண்டு வேலைகள் கருதத்தக்கன. ஒன்று, அவ்வட்டாரத்து மரஞ்செடிகளைப் பறித்து, உலர்த்தி, இலின்னேயசு வகுத்த முறைப்படி பெயரிட்டு அடுக்கிவைத்தது. மற்றொன்று, தம் சொந்த வட்டாரப் பேச்சுக்கு இலக்கணம் எழுதியது. இவை வெவ்வேறு வேலைகள் எனத் தோன்றலாம். செடியைப் பறிப்பவன் முதலில் அதனை உள்ளது உள்ளபடி பார்க்கவேண்டும். இஃது இவ்வாறு இருந்தால் நன்று என்று எண்ணுவதற்கு அங்கே இடமில்லை. இதழ் எத்தனை, காம்பு எவ்வாறு, எந்த மண்ணில் முளைத்தது என்று எழுதிக்கொண்ட பின்னரே இனம் பிரிக்கலாம். சொல்லையும் அவர் அவ்வாறே பார்த்தார். செடியும் சொல்லும் அவருள்ளத்தில் பிரியாதிருந்தன என்பதற்கு, 1860இல் அவர் வெளியிட்ட நார்வே மரஞ்செடிப் பெயர்த் திரட்டு சான்றாகும்.

1836இல், இருபத்திரண்டாம் அகவையில், நாட்டின் எழுத்துமொழியைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதிவைத்தார். விடுதலை பெற்ற நாட்டுக்குத் தன்மொழி வேண்டும். அது நகரத்தார் மொழியாகாது. ஏதேனும் ஒரு வட்டாரத்தின் மொழியை மட்டும் அரியணை ஏற்றுதலும் முறையாகாது. எல்லா வட்டாரப் பேச்சுகளையும் திரட்டி, ஒப்பிட்டு, அவற்றின் பொதுவடிவைக் காணவேண்டும் என்பது அதன் கருத்து. அக்கட்டுரை அவர் இறந்து பதின்மூன்றாண்டு கழித்து, 1909இல்தான் அச்சேறியது. அஃதாவது, அவர் முதலில் முழங்கவில்லை. திட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வேலையைத் தொடங்கினார். முழக்கத்தில் வல்ல நாட்டார் இதனை இருமுறை படிக்கலாம்!

1841இல் தம் செடித்திரட்டையும் இலக்கணக் கையெழுத்துப் படியையும் சுமந்துகொண்டு பெர்கன் நகருக்குச் சென்று, ஆயர் நியூமன் என்பாரைக் கண்டார். ஆயர் அவர்தம் அருமையை உணர்ந்தார். அவ்வழியே துரோந்தெய்ம் நகரின் அறிவியற் கழகம் அவர்க்கு நல்கை தந்து, நாட்டைச் சுற்றிவரப் பணித்தது. 1842 முதல் 1846 வரை நான்காண்டுகள் அவர் நடையாகவும் படகிலும் நார்வேயின் பள்ளத்தாக்குகளையும் கடற்கால் ஊர்களையும் சுற்றினார். ஓரூரில் சில நாள், சில கிழமை தங்குவார். உழவரோடும் மீனவரோடும் பணிப்பெண்டிரோடும் பேசுவார். கேட்ட சொல்லையும் அதன் ஒலியையும் திரிபையும் குறித்துக்கொள்வார். அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவார். ஒரு மலைக்கு இப்பால் வழங்கும் வினைமுற்று அப்பால் வேறாய் ஒலிக்கும். அதனையும் எழுதுவார். (அவர் இவ்வாறு நடந்துகொண்டிருந்த 1845இல்தான் தென்மார்க்கு அரசு தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டு வெளியேறியது.)

நடையின் விளைவு இரண்டு நூல்கள். 1848இல் மக்கள்மொழி இலக்கணம். 1850இல் ஏறத்தாழ 25,000 சொற்கள் கொண்ட அகரமுதலி. 1851 முதல் நாடாளுமன்றம் அவர்க்கு ஆண்டுதோறும் நல்கை வழங்கியது. ஓசுலோ நகரில், அந்நாளில் அதன் பெயர் கிறித்தியானியா, வாடகை அறையில் மணமின்றித் தனியே வாழ்ந்து அவ்வேலையையே திருத்தித் திருத்திச் செய்தார். 1864இல் செப்பமான 'நார்வே இலக்கணம்' வந்தது. 1873இல் முன்னதினும் விரிந்த 'நார்வே அகரமுதலி' வந்தது. முதல்நூல்களின் பெயரில் 'மக்கள்மொழி' என்று இருந்தது பின்நூல்களில் 'நார்வே' என்றே ஆனதைக் கவனிக்க. உழவர் பேச்சு, நாட்டின் பெயரையே தாங்கும் உரிமை பெற்றுவிட்டது! இன்னொன்றும் உண்டு. இந்நூல்களின் விளக்கவுரையைத் தென்மார்க்கு மொழியிலேயே அவர் எழுதினார். ஏனெனில் அதனைப் படிக்கவேண்டியவர் அம்மொழி கற்றோரே. பாவாணர் தம் தமிழாய்வின் முடிபுகளை 1966இல் ஆங்கில நூலாக எழுதியதைக் குறைகூறுவோர் இதனை அறிதல் நன்று.

இனி, அவர் தூய்மையை எவ்வாறு கண்டார் என்பது. நடுக்காலத்தில் வடசெருமானிய வணிகர் வழியாக அம்மொழிகளில் அயற்சொற்களும் முன்னொட்டு பின்னொட்டுகளும் வெள்ளமாய்ப் புகுந்திருந்தன. 'மொழி' என்பதற்கே தென்மார்க்கார் வழங்கிய சொல் அவ்வாறு வந்த கடன்சொல். நார்வே உழவர் வாயில் அதற்குப் பழஞ்சொல்லாகிய 'மோல்' என்பது வாழ்ந்துகொண்டிருந்தது. ஓசன் தம் எழுத்துமொழிக்கு 'இலான்சுமோல்', அஃதாவது நாட்டுமொழி, என்றே பெயரிட்டார். அயல் ஒட்டுகளை நீக்கி, உழவர் பேச்சில் வழங்கிய சொற்களையும் ஈறுகளையும் வைத்தார். அச்சொற்களை அவர் தம் அறையில் அமர்ந்து புனையவில்லை என்பதே இதில் உயிரான செய்தி. அவை முன்பே யாரோ ஒரு கிழவியின் வாயில் இருந்தன. அவற்றுள் பலவற்றுக்கு எந்த வட்டாரத்தில் வழங்குவது என்று சான்றுகாட்ட அவரால் முடிந்தது. 'இச்சொல்லை எங்கிருந்து கொணர்ந்தாய்?' என்று நகரத்துப் பேராசிரியர் வினவினால், 'இன்ன பள்ளத்தாக்கில்' என்பதே விடை.

வட்டாரங்கள் பலவாய் ஒலிக்க, எழுத்து ஒன்றாய் இருப்பது எவ்வாறு? இங்கும் அவர் வழி தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கும். 'அந்த வீடு' என்னும் பொருள்படும் சொல்லின் இறுதியில் ஒரு தகரமெய்யை அவர் எழுதினார். பேச்சில் அது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. ஆயினும் சொல்லின் பிறப்பையும் உறவையும் அவ்வெழுத்து காட்டும். நெல்லையான் ஒருவகையாகவும் கொங்கன் ஒருவகையாகவும் யாழ்ப்பாணத்தான் ஒருவகையாகவும் ஒலிக்கும் வினைமுற்றை, எழுத்தில் எல்லாரும் ஒன்றாகவே எழுதி, அவரவர் நாவில் அவரவர்க்கேற்பப் படித்துக்கொள்வது போன்றதே இது. தமிழுக்குத் தொல்காப்பியர் காலந்தொட்டு இருந்த வாய்ப்பு, நார்வேக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தனிமனிதரின் உழைப்பால் கிடைத்தது. பழமைக்கு நெருங்கிய மேலைக்கரை வட்டாரங்களுக்கு அவர் சற்றே மிகுந்த இடந்தந்தார் என்பதும், அதனால் கீழைநாட்டார் மனங்குறைந்தனர் என்பதும் மறைக்கத்தக்கன அல்ல.

இத்தகைய ஒப்பாய்வுக்கு வடபுல மொழிகளில் முன்பே வழிதிறந்தவர், தென்மார்க்கைச் சேர்ந்த இராசுமசு இராசுக்கு. 1811இல் ஐசுலாந்திய மொழிக்கு இலக்கணமும், 1818இல் வடபுல மொழிகளின் தோற்றம் பற்றிய பேராய்வும் வெளியிட்டவர். அவர் உருசியாவும் பாரசீகமும் கடந்து 1820இல் மும்பை வந்து, சென்னையிலும் தங்கி, 1821இல் கொழும்புக்குச் சென்றார். சிங்கள எழுத்தைப் பற்றி அங்கேயே ஒரு நூலும் அச்சிட்டார். தமிழும் அதன் உறவுமொழிகளும் வடமொழிவழிப் பிறந்தவையல்ல என்பதைச் சென்னை ஆட்சியர் எல்லிசு 1816இலேயே நிறுவியிருந்தார். அம்மொழிகளை வடஆசியச் சித்திய மொழிகளோடு உறவுபடுத்திப் பார்த்தோருள் முதல்வர் இராசுக்கு எனக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் பெருமைப்படுத்துகிறார். அவ்வுறவைப் பிற்கால ஆய்வாளர் ஏற்கவில்லை. எனினும் வடபுல இலக்கணம் வல்ல ஒருவரின் கண், சென்னைக்கு வந்தவுடன் தமிழின் தனிமையைக் கண்டுகொண்டது என்பது இனிக்கும் செய்தியே.

ஓசனுக்கு எதிர்ப்பு வராமலில்லை. நகரத்தார் எள்ளினர். மாட்டுத்தொழுவ நாற்றம் அடிக்கும் மொழியில் சட்டம் எழுதுவதா, மெய்ப்பொருள் ஆய்வதா என்றனர். இவ்வினாவுக்கு விடை சொல்லாடலால் வாராது என்பதை அவர் அறிந்திருந்தார். 1853இல் தம் நாட்டுமொழியில் உரைநடைப் பகுதிகளை எழுதியும் பெயர்த்தும் காட்டினார். 1855இல் நாடகம் எழுதினார். 1856இல் பழமொழித் திரட்டு வெளியிட்டார். 1863இல் பாத்தொகுதி ஒன்று தந்தார். 1858இல் வின்யே என்னும் எழுத்தாளர் அம்மொழியில் கிழமையிதழே தொடங்கிவிட்டார். இலக்கணம் வந்து பத்தாண்டிற்குள் இதழ்! 1868இல் அம்மொழி நூல்களை வெளியிடக் கழகம் தோன்றியது. அது இன்றும் உள்ளது.

எதிர்நிலையில் நின்றோருள் மதிக்கத்தக்கவர் கனூட்டு கனூட்சன் என்னும் பள்ளியாசிரியர். அவரும் நாட்டுப்பற்றில் குறைந்தவரல்லர். ஆயின் அவர் வழி வேறு. புதுமொழி வேண்டா, இருக்கின்ற தென்மார்க்கு எழுத்துமொழியையே, நகரத்துக் கற்றோர் பேச்சுக்கேற்பப் படிப்படியாய் மாற்றினால் போதும் என்றார். இவரே, எழுத்தில் புகுந்த அயற்சொற்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் நேராக நார்வேச் சொல்லைத் தரும் பெருநூலொன்றை 1881இல் முடித்தார். தமிழர்க்கு இவ்வேலை புதிதன்று. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கம் தோற்றுவித்ததும், அவர் மகளார் நீலாம்பிகையம்மையார் வடசொற்களுக்கு நேர்தமிழ்ச் சொற்களை அகரவரிசையில் தொகுத்ததும் அத்தகைய தொண்டே.

இருவழிகளும் அந்நாட்டில் இன்றுவரை ஓடுகின்றன. 1885 மே 12இல் நாடாளுமன்றம், ஓசனின் நாட்டுமொழியும் பழைய எழுத்துமொழியும் அரசுப்பணியிலும் பள்ளியிலும் நிகர் என்று முடிவுசெய்தது. எந்த எழுத்துமொழியில் கற்பிப்பது என்பதைப் பள்ளிக்குழுவே முடிவுசெய்யலாம் என 1892இல் சட்டம் வந்தது. 1889இல் புதிய ஏற்பாடும், 1921இல் முழு விவிலியமும் நாட்டுமொழியில் வந்தன. 1929இல் அதற்குப் 'புதுநார்வேயம்' என்றும், கனூட்சன் வழியில் திருந்திய மற்றதற்கு 'நூல்மொழி' என்றும் பெயர்கள் அமைந்தன. ஓசன் 1896 செபுதம்பர் 23இல் மறைந்தார். சட்டத்தைக் கண்டார், விவிலியத்தின் ஒரு பாதியைக் கண்டார்.

இவ்விடத்தில் புகழ்மாலையோடு நிறுத்திவிடுதல் எளிது, உண்மையாகாது. புதுநார்வேயம் பெரும்பான்மையோர் எழுத்தாக ஒருகாலும் ஆகவில்லை. 1944இல் பள்ளிப்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் அதில் கற்றனர், அதுவே உச்சம். இன்று ஏறத்தாழ 12 விழுக்காட்டினர். நகரங்கள் வளர்ந்தன, நாளிதழும் வணிகமும் நூல்மொழியில் நடந்தன, உழவர் பிள்ளைகள் நகருக்குப் போய் எழுத்தை மாற்றிக்கொண்டனர். சட்டம் நிகர் என்றது. சந்தை நிகர் என்னவில்லை. ஆனாலும், தோற்றுப்போன மொழி என்று அதனை எவரும் சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு பெற்ற யோன் பொசே எழுதுவது புதுநார்வேயத்திலேயே. எழுத்து எதுவாயினும், நாடாளுமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் தொலைக்காட்சியிலும் நார்வேயர் தம் வட்டாரப் பேச்சைக் கூசாமல் பேசுகின்றனர். 'கொச்சை' என்னும் சொல்லின் கொடுக்கை ஒடித்ததே ஓசனின் வெற்றி. ஈழத்தினின்று பெயர்ந்து அங்கே குடியேறிய தமிழர்தம் பிள்ளைகள் பள்ளியில் நார்வேயின் இருவகை எழுத்தையும் எதிர்கொண்டு, மாலையிலோ கிழமையிறுதியிலோ தமிழும் பயில்கின்றனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தமிழுக்கு வருவோம். தனித்தமிழ்த் தொண்டு களைபறிப்பதில் பெருவெற்றி கண்டது. நூறாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாளையும் இன்றைய செய்தித்தாளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் இதனை மறுக்கார். அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார். காரியதரிசி போய்ச் செயலாளர் வந்தார். அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தார். இது கனூட்சன் செய்த வேலை. அவரினும் நன்றாகவே தமிழர் செய்தனர். ஓசன் செய்த வேலையோ? நான்காண்டு நடந்து சொல் திரட்டிய புலவர் எத்தனை பேர்? பாவாணர் இதன் தேவையை நன்கு அறிந்தவர். பயிர்வகை ஒவ்வொன்றின் அடிக்கும் இலைக்கும் தனித்தனியே தாள், தண்டு, தட்டை, கழி, கழை எனவும், தோகை, ஓலை எனவும் பெயரிருப்பதைத் தொகுத்துக் காட்டி, இச்செல்வம் நூலோரால் அன்று, உழவரால் வந்தது என உணர்த்தியவர் அவரே. 1974இல் அவர் தலைமையில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியது. 1981இல் அவர் மறைந்தார். அதன் முதல் மடலம் 1985இல்தான் வெளிவந்தது. பன்னிரு மடலங்களும் 2011இல் நிறைவெய்தின. ஓசன் விட்ட இடத்திலிருந்து நார்வேயர் 1930இல் தொடங்கிய பேரகரமுதலியும் பன்னிரண்டு மடலங்களே, 2016இல் முடிந்தது. எண் ஒன்றாயினும் ஒரு வேறுபாடு உண்டு. நார்வே அகரமுதலியில் வட்டாரச் சொல்லுக்கு அது எந்தெந்த ஊர்ப்பக்கத்தில் வழங்குவது என்று குறித்திருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலோ, பல சொற்களுக்கு 'வட்டார வழக்கு' என்னும் குறி மட்டுமே நிற்கும். எந்த வட்டாரம் என்பது அச்சொல்லைச் சொன்னவரோடு போயிற்று.

தமிழில் வட்டாரச் சொற்களைத் திரட்டும் பெருமுயற்சிகளில் இரண்டு, கரிசற்காட்டுச் சொற்களுக்காக 1982இல் கி. இராசநாராயணனும், கொங்குச் சொற்களுக்காக 2000இல் பெருமாள்முருகனும் செய்தவை. இருவரும் கதையாசிரியர். மொழிநூல் கற்றோரும் தூய்மை பேசுவோரும் செய்யவேண்டியதைக் கதை எழுதுவோர் செய்தனர் என்பது, சொல்லக் கூசினாலும் சொல்லவேண்டிய உண்மை. தெலுங்கர் முந்திக்கொண்டனர். பத்திரிராசு கிருட்டிணமூர்த்தி என்னும் மொழியறிஞரின் முயற்சியால், ஆந்திர நாட்டுத் தொழிற்சொற்கள் மாவட்டவாரியாகத் திரட்டப்பெற்று, உழவுக்கு 1962இல் ஒரு மடலமும் கைத்தறிக்கு 1971இல் ஒரு மடலமும் வந்துவிட்டன. கைத்தறிக்கென்றே ஒரு முழு மடலம்!

ஐயம்பேட்டைத் தறிக்கு இப்போது திரும்பலாம். நெடுக்கே ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவிழையை ஏற்றி இறக்குவது விழுது. ஊடையை நெருக்கி அடிப்பது அச்சு. ஊடைநூல் சுற்றிய சிறு குழல் தார். அதனைச் சுமந்தோடுவது நாடா. நெய்த சேலை சுருளும் மரம் படைமரம். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாய் நெய்யுங்கால் இரண்டையும் இழைக்கிழை பிணைத்துச் செல்வது கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும், துணைக்கு ஓராளும் வேண்டும். கரைகளின் பெயர்களோ தாழம்பூ, மயில்கண். உடலின் வரிகளும் கட்டங்களும் வைரவூசி, பாலும்பழமும். இவற்றுள் எதனையும் எந்தக் கலைச்சொற்குழுவும் ஆக்கித் தரவில்லை. பாவும் ஊடையும் பாடநூல்களுக்கு ஏறிவிட்டன. 'இழை' என்னும் சொல் ஒளியிழையாகித் தொலைத்தொடர்புத் துறைக்கே போய்விட்டது. யாரும் 'இஃதென்ன கடுந்தமிழ்' என்று முகஞ்சுளிக்கவில்லை. தறியினின்று வந்த சொல்லுக்குக் கடுமை இல்லை. மேலே காட்டியவை வெளியார்க்கும் தெரிந்த பத்துப் பதினைந்து. தறியின் ஒவ்வொரு கயிற்றுக்கும் முடிச்சுக்கும், இழை அறும் வகைக்கும், நெசவில் விழும் ஒவ்வொரு பிழைக்கும் உள்ள பெயர்கள் தறிக்குழிக்குள்ளேயே கிடக்கின்றன.

அவற்றைத் திரட்டப் போகும் தமிழ்ப்பற்றாளர்க்கு ஓர் எச்சரிக்கை தேவை. நெசவாளர் 'சரிகை' என்பார், 'சக்கார்டு' என்பார், காஞ்சிப் பக்கத்து நெசவாளருள் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடியினரும் உளர், அவர்தம் சொற்களும் தறியில் கலந்திருக்கும். இவற்றைக் கேட்டவுடன் 'அது தமிழன்று, இவ்வாறு சொல்லுங்கள்' என்று திருத்தத் தொடங்கினால், முதியவர் வாய்மூடிக்கொள்வார். அவர் சொல்லாமல் விட்ட நூறு நற்றமிழ்ச் சொற்களும் அவரோடு போகும். ஓசன் திருத்தவில்லை. பள்ளத்தாக்கில் கேட்டதைக் கேட்டவாறு எழுதிக்கொண்டார். களையும் பயிரும் பிரித்தது பின்னர், ஓசுலோ அறையில். தூய்மை எழுதுமேசையில் செய்யப்படும் வேலை. தறிக்குழியருகே செய்யப்படுவது கேட்டல் மட்டுமே. ஆடவரை மட்டும் கேட்டுத் திரும்புதலும் போதாது. தார் சுற்றுவதும் பட்டிழை பிரிப்பதும் பெரும்பாலும் பெண்டிர் கைவேலை. அவ்வேலைக்குரிய சொற்கள் அவர்களிடமே உள்ளன. பள்ளியாசிரியர் ஒருவர், மேல்வகுப்பு மாணவர் பதின்மரைக் கையேடும் எழுதுகோலுமாய்த் தம் வீட்டுத் தறிக்கே அனுப்பினால், ஒரு கோடை விடுமுறையில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லாத திரட்டு கிட்டும். ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் சொன்னவர் அகவை, தெரு, ஊர் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். அது விடுபட்டால் பேரகராதியின் பழைய குறையே மீளும்.

காலம் நீளமில்லை. விசைத்தறியும் விலைவீழ்ச்சியும் கைத்தறியை நெருக்குகின்றன. நெசவாளர் மக்கள் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஒரு தறிக்குழி மண்ணிட்டு மூடப்பட்டு அதன்மேல் தரை போடப்படும்போது, அங்கே வழங்கிய சொற்கள் மறுதலைமுறையின் நாவுக்கு வருவதில்லை. விடியற்காலையில் தெருநீளம் பாவு நீட்டி, அறுந்த இழைகளை விரலால் தடவிப் பார்த்துப் பிணைக்கும் முதியவர்கள் இன்னும் உள்ளனர். வெயில் ஏறுமுன் அவர்தம் வேலை முடிந்துவிடும்.